ஆன்டிபயாடிக்கை எடுத்துவிட்டால் தீவனத்தில் என்ன போடுவது?

ஞாயிற்றுக்கிழமை காலை தாராசுரத்தில் கறிக்கடை வரிசையில் நிற்பவர்களிடம் பேச்சுக் கொடுத்தால், "பிராய்லருக்கு ஹார்மோன் ஊசி போட்டுத்தான் வளர்க்கிறாங்க" என்று யாராவது சொல்லிவிடுவார். அது உண்மையில்லை. ஆயிரக்கணக்கில் கோழி அடைத்த ஷெட்டில் ஒவ்வொன்றாகப் பிடித்து ஊசி போட ஆளும் கிடைக்காது, கட்டுப்படியும் ஆகாது. 40 நாளில் கோழி 2 கிலோவைத் தாண்டுவதற்குக் காரணம், பல தலைமுறைகளாகத் தேர்ந்தெடுத்துப் பெருக்கிய இனமும் கணக்குப் போட்டுக் கலக்கும் தீவனமும்தான்.

கவலைப்பட வேண்டிய பொருள் வேறு. அது அந்தத் தீவனத்துக்குள் கிராம் கணக்கில் போகும் ஆன்டிபயாடிக். கோழிக்கு நோய் வந்து கொடுப்பதல்ல. நோயே இல்லாத கோழிக்கும், பன்றிக்குட்டிக்கும், எடை சற்றுக் கூடட்டும் என்று தினமும் கொடுப்பது. தீவனத் தொழிலில் இதற்கு வளர்ச்சியூக்கி என்று பெயர். அதை நிறுத்த வேண்டும் என்பதில் இன்று உலக சுகாதார நிறுவனம் முதல் நம் கால்நடைப் பல்கலைக்கழகம் வரை ஒரே கருத்துதான். பண்ணைக்காரரின் கேள்வி அதற்கு அடுத்தது: நிறுத்தினால் அந்த இடத்தில் என்ன போடுவது?

எப்படி நுழைந்தது?

இந்தக் கதையில் சென்னைக்கும் ஓர் ஓரத்தில் இடம் உண்டு. சென்னை மருத்துவக் கல்லூரியில் படித்த, பீமவரத்தில் பிறந்த எல்லாப்பிரகட சுப்பாராவ், அமெரிக்காவின் லெடர்லி ஆய்வகத்தில் ஆராய்ச்சித் தலைவராக இருந்தார். அவர் காலத்தில்தான் அங்கே பெஞ்சமின் டக்கர், மிசௌரி மண்ணிலிருந்து எடுத்த ஒரு நுண்ணுயிரிலிருந்து ஆரியோமைசின் மருந்தைக் கண்டுபிடித்தார். மருந்தைப் பிரித்த பிறகு மிஞ்சும் கசடில் பி12 வைட்டமின் இருக்கும் என்பதால், அதே ஆய்வகத்தின் தாமஸ் ஜூக்ஸும் ராபர்ட் ஸ்டோக்ஸ்டாடும் 1948 கடைசியில் அதைக் கோழிக்குஞ்சுகளுக்குப் போட்டுப் பார்த்தார்கள். சுப்பாராவ் அந்த ஆகஸ்டிலேயே இறந்துவிட்டார். குஞ்சுகள் பி12 கணக்குக்கு மேல் எடை போட்டன. கசடில் ஒட்டியிருந்த மருந்துதான் காரணம் என்று பிறகு தெரிந்தது. அடுத்த சில ஆண்டுகளில் அமெரிக்கக் கோழித் தீவனத்திலும் பன்றித் தீவனத்திலும் ஆன்டிபயாடிக் சாதாரணமாகிவிட்டது. பெரும்பண்ணை முறை போன இடமெல்லாம் அந்தப் பழக்கமும் கூடவே போனது.

அது செய்த வேலை என்ன?

மாற்றைத் தேடுமுன் இதைத் தெரிந்துகொள்ள வேண்டும். 1960களில் பிரிட்டனில் ஒரு சோதனை நடந்தது. கிருமியே நுழையாத அடைப்பில் வளர்த்த குஞ்சுகளுக்கு ஆன்டிபயாடிக் கலந்த தீவனம் கொடுத்தார்கள். எடை கூடவில்லை. சாதாரணக் கொட்டகையில் வளர்ந்த குஞ்சுகளுக்குத்தான் கூடியது. அப்படியென்றால் மருந்து கோழியின் உடலை வளர்க்கவில்லை. குடலில் இருந்த கிருமிகளை ஒடுக்கியது, அவ்வளவுதான்.

குடலுக்குள் கிருமி மிகுந்தால் அவை தீவனத்தில் பங்கு கேட்கும். குடல் சுவர் புண்பட்டுத் தடிக்கும். அந்தப் புண்ணோடு போராடவே உடம்பு சத்தைச் செலவழிக்கும். குடலை அழுக வைக்கும் குளோஸ்ட்ரிடியம் போன்ற கிருமி தலைதூக்கினால், வெளியே நோய் தெரியாமலே கோழி தின்பது வீணாகும். மருந்து இதையெல்லாம் அடக்கி வைத்தது. கொட்டகை எவ்வளவு அழுக்கோ அந்த அளவுக்கு அதன் பலனும் தெரிந்தது.

அதனால் "எந்தப் பவுடர் மாற்று?" என்று கேட்டால் சரியான பதில் வராது. மருந்து மூடி மறைத்த ஓட்டைகள் எவை, ஒவ்வொன்றையும் எதைக் கொண்டு அடைப்பது என்று கேட்க வேண்டும்.

ஏன் நிறுத்த வேண்டும்?

குறைந்த அளவு மருந்தைத் தினமும் கொடுத்தால், அதற்குச் சாகாத கிருமிகள் மட்டும் தப்பிப் பெருகும். அந்தத் தாங்கும் திறனுக்கான மரபணுவை ஒரு கிருமி இன்னொரு கிருமிக்குக் கைமாற்றிக் கொடுக்கவும் செய்யும். கறியை நன்றாக வேகவைத்தால் கிருமி செத்துவிடும் என்பது சரி. ஆனால் பச்சைக் கறியைத் தொட்ட கை, வெட்டிய கத்தி, கொட்டகைத் தண்ணீர், வயலுக்கும் வாழைக்கும் எருவாகப் போகும் கோழிக்கழிவு என்று அது வெளியேற வழிகள் பல. வாய்க்காலும் வயலும் பின்னிக் கிடக்கும் காவிரிப் படுகையில் எரு இட்ட வயலின் தண்ணீர் அடுத்த வயலுக்குத்தான் போகிறது.

கொலிஸ்டின் இதற்கு நல்ல உதாரணம். மற்ற மருந்துகள் கைவிட்ட பிறகு, தீவிர சிகிச்சைப் பிரிவில் கடைசியாக எடுக்கும் மருந்து அது. அதையே கோழிக்கும் பன்றிக்கும் தீவனத்தில் போட்டுக்கொண்டிருந்தோம். கொலிஸ்டினைத் தாங்கும், கிருமிக்குக் கிருமி தாவும் மரபணு ஒன்றைச் சீனாவில் கண்டுபிடித்து 2015இல் அறிவித்தார்கள். உணவுக்கான கால்நடைகளுக்கும் தீவனத்துக்கும் கொலிஸ்டின் தயாரிப்பதையும் விற்பதையும் இந்திய அரசு 2019 ஜூலையில் தடை செய்தது. இறைச்சி, முட்டை, பால், மீன் உற்பத்தியில் பயன்படுத்தக் கூடாத மருந்துகளின் பட்டியலை உணவுப் பாதுகாப்பு ஆணையம் நீட்டியது. அது 2025 ஏப்ரல் 1 முதல் நடப்பில் இருக்கிறது.

மற்ற நாடுகளில் ஸ்வீடன் 1986லேயே வளர்ச்சியூக்கிகளை நிறுத்தியது. ஐரோப்பிய ஒன்றியம் 2006 ஜனவரி 1 முதல் முழுவதுமாக நிறுத்தியது. அமெரிக்காவில் மனிதர்களுக்கு முக்கியமான மருந்துகளை எடை கூட்டப் பயன்படுத்துவது 2017இல் முடிவுக்கு வந்தது. சீனா 2020இல் தீவனத்திலிருந்து விலக்கியது.

நிறுத்தியதால் தொழில் படுத்துவிட்டதா? டென்மார்க்கில் கறிக்கோழி வளர்ப்பவர்கள் 1998இல் கைவிட்டபோது, ஒரு கிலோ எடைக்கு ஆகும் தீவனம் சுமார் 16 கிராம் கூடியது. மருந்து வாங்காததால் மிச்சமான பணம் அதை ஏறக்குறைய ஈடுகட்டிவிட்டது. கோழியில் பிரச்சினை அவ்வளவுதான். பன்றிக்குட்டியில் கதை வேறு. அதைப் பிறகு பார்ப்போம்.

முதல் மாற்று: தாய்க்கோழி கொடுப்பது

தாராசுரத்துக் கொல்லைப்புறத்தில் நாட்டுக்கோழி ஒன்று குஞ்சுகளோடு மேய்வதைக் கவனியுங்கள். தாய் குப்பையைச் சீய்க்கும். எச்சம் விழுந்த அதே மண்ணில் குஞ்சுகள் கொத்தும். பார்க்க அருவருப்பாக இருந்தாலும், தாயின் குடலில் உள்ள நல்ல கிருமிகள் குஞ்சுக்குப் போய்ச் சேருவது அந்த வழியில்தான். குஞ்சுப்பொரிப்பகத்தில் இயந்திரத்தில் பொரியும் குஞ்சுக்குத் தாயின் முகமே தெரியாது. காலியான குடலோடு ஷெட்டுக்கு வருகிறது. முதலில் எந்தக் கிருமி நுழைகிறதோ அதற்குத்தான் இடம்.

பின்லாந்தில் 1971இல் கோழிகளில் சால்மோனெல்லா பரவியதைத் தொடர்ந்து, எஸ்கோ நுர்மியும் அவருடன் வேலை செய்த ரந்தாலாவும் வளர்ந்த கோழியின் குடல் கிருமிகளை ஒருநாள் குஞ்சுகளுக்குக் கொடுத்துப் பார்த்தார்கள். அந்தக் குஞ்சுகளில் சால்மோனெல்லா ஒட்டவில்லை. 1973இல் இதை வெளியிட்டார்கள். பஸ் நின்றதும் ஜன்னல் வழியாகத் துண்டு போட்டு இடம் பிடிக்கிறோமே, நல்ல கிருமிகள் குடல் சுவரில் செய்வதும் அதுதான். பின்னால் வருபவனுக்கு உட்கார இடமிருக்காது.

இன்று கடையில் புரோபயாடிக் என்று விற்பது இந்த யோசனையின் பொட்டலம்தான். லாக்டோபேசில்லஸ், ஈஸ்ட், பேசில்லஸ் என்று வகைகள் உண்டு. குருணைத் தீவனம் செய்யும்போது நீராவியில் சூடேறும். லாக்டோபேசில்லஸ் அதைத் தாங்காது. பேசில்லஸ் வித்துறை கட்டிக்கொள்வதால் தாங்கும். ஆகவே ஆலையில் தீவனத்தோடு கலப்பதானால் பேசில்லஸ், தண்ணீரில் கொடுப்பதானால் மற்றவை என்று பிரித்துக்கொள்ளலாம். நாட்டுக்கோழி வைத்திருப்பவர்கள் வெயில் காலத்தில் மோர் வைப்பதும் இந்த வகைதான். அதில் எவ்வளவு கிருமி இருக்கிறது என்ற கணக்கு இருக்காது. தொட்டியில் நேரமானால் கெட்டும் போகும். காலையில் வைத்துக் கழுவி எடுத்துவிட வேண்டும்.

இந்த நல்ல கிருமிகளுக்குத் தீனியாகப் போடும் சில சர்க்கரைப் பொருட்களுக்குப் பிரிபயாடிக் என்று பெயர். ஈஸ்டின் சுவரிலிருந்து எடுக்கும் ஒரு வகை, கெட்ட கிருமிகளைத் தன்மேல் ஒட்டவைத்து எச்சத்தோடு வெளியேற்றுகிறது.

அமிலமும் நொதியும்

ஃபார்மிக், புரோப்பியானிக், பியூட்டிரிக் அமிலங்கள் கிருமியின் உறைக்குள் நுழைந்து உள்ளே புளிப்பேற்றும். அதைச் சமாளிக்கவே கிருமியின் சக்தி தீர்ந்துவிடும். ஈ.கோலை, சால்மோனெல்லா இதற்கு நன்றாகக் கட்டுப்படும். ஆனால் வெறும் அமிலம் இரைப்பையைத் தாண்டுவதற்குள் கரைந்து தீர்ந்துபோகும். குடல் வரை போக வேண்டுமானால் கொழுப்புப் பூசிய பியூட்டிரிக் அமிலம் வாங்க வேண்டும். தண்ணீரில் கலக்கும் அமிலம் இரும்புக் குழாயை அரிக்கும் என்பதையும் நினைவில் வைத்துக்கொள்ளுங்கள்.

நொதிகள் நம் ஊருக்கு ரொம்பப் பொருத்தமானவை. டெல்டாவில் ஆலைத் தவிடும் நொய்யும் மலிவு. சிறு பண்ணைக்காரர்கள் தாராளமாகச் சேர்க்கிறார்கள். தவிட்டில் உள்ள பாஸ்பரஸின் பெரும்பகுதி பைட்டிக் அமிலமாகப் பூட்டிக் கிடக்கிறது. கோழியால் அதைத் திறக்க முடியாது. பைட்டேஸ் நொதி திறந்துவிடும். சைலனேஸ் நொதி நாரைச் சிதைக்கும். செரிக்காத தீவனம் குடலின் கடைசிப் பகுதிக்குப் போகாவிட்டால் கெட்ட கிருமிக்கும் அங்கே தீனி இல்லை. தவிட்டின் எண்ணெய் சீக்கிரம் கெடும் என்பதால் காறல் வாடை வந்த தவிட்டை எந்த நொதியும் காப்பாற்றாது.

ஓமமும் பூண்டும்

ஐரோப்பியத் தீவனங்களில் தைம் இலை எண்ணெய் பெரிய அளவில் போகிறது. அதில் வேலை செய்யும் பொருள் தைமால். நம் வீட்டு ஓமத்தின் எண்ணெயிலும் முதன்மையான பொருள் அதுதான். பூண்டு, மஞ்சள், மிளகு, கிராம்பு, பட்டை எல்லாவற்றுக்கும் ஆய்வகத்தில் கிருமியை ஒடுக்கும் குணம் தெரிகிறது.

தஞ்சாவூரில் இதற்கென ஒரு மரபே உண்டு. தமிழ்நாடு கால்நடை மருத்துவ அறிவியல் பல்கலைக்கழகத்தின் தஞ்சை மரபுவழி மூலிகை மையத்தில் பேராசிரியர் ந. புண்ணியமூர்த்தி, கைமருந்துகளை அளவு வைத்து முறைப்படுத்தினார். மாட்டு மடிநோய்க்குச் சோற்றுக்கற்றாழை, மஞ்சள், சுண்ணாம்பு சேர்த்து அரைத்துப் பூசும் முறை தேசிய பால்வள வாரியத்தின் மூலம் நாடு முழுதும் போனது. கோழிக்கும் சீரகம், மிளகு, மஞ்சள், பூண்டு, சின்ன வெங்காயம், கீழாநெல்லி போன்றவற்றை அரைத்துத் தீவனத்தில் பிசைந்து கொடுக்கும் முறைகள் உண்டு.

மூலிகையில் இரண்டு சிக்கல்கள். ஒரே செடியின் சத்து மண், பருவம், உலர்த்தும் விதம் பொறுத்து மாறும். போன மாதம் பலித்தது இந்த மாதம் பலிக்காமல் போகலாம். ஓம எண்ணெய் போன்றவை ஆவியாகிவிடும். சூடான தீவனத்தில் போட்டால் வாசனை மட்டும் ஷெட்டைச் சுற்றும். இன்னொன்று, மூலிகை தடுப்பூசிக்கு மாற்று ஆகாது. வெள்ளைக்கழிச்சல் வைரஸ் நோய். ஆன்டிபயாடிக்கே அதைத் தொடாது. கிராமங்களில் கால்நடைத் துறை நடத்தும் இலவசத் தடுப்பூசி முகாமைத் தவறவிடாதீர்கள்.

பொட்டலத்தில் வராத மாற்று

ஷெட்டின் தரையிலிருந்து ஒரு கைப்பிடி உமியை எடுத்து இறுக்கிப் பிடித்துத் திறந்து பாருங்கள். உதிர்ந்து விழுந்தால் சரி. கொழுக்கட்டையாக நின்றால் ஈரம் மிஞ்சிவிட்டது. ஈர உமியில் ரத்தக்கழிச்சல் கிருமியின் முட்டை ஓரிரு நாளில் முற்றி, தொற்றத் தயாராகிவிடும். அது குடலைக் கிழித்த இடத்தில்தான் குளோஸ்ட்ரிடியம் குடியேறும். ஐப்பசி, கார்த்திகை அடைமழையில் டெல்டாவில் இது வருஷா வருஷம் நடப்பது. உமியைக் கிளறிவிடுவது, சாரல் பக்கம் படுதா இறக்கி எதிர்ப்பக்கம் காற்றோட்டம் விடுவது, சொட்டும் நிப்பிளை அன்றே மாற்றுவது ஆகிய மூன்றும் எந்தப் பவுடரையும் விட அதிகம் மிச்சப்படுத்தும்.

தண்ணீர்க் குழாய்க்குள் கை விட்டால் வழுவழுப்பாக ஒரு படலம் தட்டுப்படும். அது முழுக்கக் கிருமி. ஒரு பேட்ச் போனதும் குழாயைக் கழுவி, தண்ணீருக்குக் குளோரின் போட வேண்டும். இங்கே பலர் செய்யும் தவறு, குளோரின் தண்ணீரிலேயே புரோபயாடிக்கையும் கலப்பது. குளோரின் அதையும் கொன்றுவிடும். தண்ணீரில் தடுப்பு மருந்து கொடுக்கும் நாளிலும் குளோரின், அமிலம் இரண்டையும் நிறுத்தி வைக்க வேண்டும்.

மூன்றாவது, பூஞ்சணம். மழைக்காலத்தில் சரியாகக் காயாத மக்காச்சோளத்திலும் கடலைப் புண்ணாக்கிலும் வரும் அஃப்ளாடாக்சின் நஞ்சு கல்லீரலைக் கெடுத்து எதிர்ப்புச் சக்தியைக் குறைக்கும். பிறகு வரும் ஒவ்வொரு கழிச்சலுக்கும் மருந்து தேட வேண்டிவரும். மூட்டையைச் சுவரில் சாய்க்காமல் பலகை மேல் அடுக்குங்கள். சந்தேகம் வந்தால் நாமக்கல் கால்நடை மருத்துவக் கல்லூரியின் தீவனப் பரிசோதனை ஆய்வகத்துக்கு மாதிரி அனுப்பலாம்.

பன்றிக்குட்டிக்கு மட்டும் தனியாக

வெண்பன்றி வளர்ப்பில் ஆபத்தான நேரம், குட்டியைத் தாயிடமிருந்து பிரிக்கும் வாரம். அதுவரை பால் குடித்த வயிறு திடீரென்று திடத்தீவனத்தைச் சந்திக்கிறது. வயிற்றில் அமிலம் போதிய அளவு சுரக்காத வயது அது. செரிக்காத புரதம் குடலில் அழுகி, ஈ.கோலை பெருகிக் கழிச்சல் எடுக்கும். டென்மார்க்கில் 2000ஆம் ஆண்டுக்குள் குட்டிகளுக்கும் வளர்ச்சியூக்கியை நிறுத்தியபோது, முதலில் இந்தக் கழிச்சல் கூடி, சிகிச்சைக்கான மருந்துச் செலவும் கூடியது. கொஞ்சம் தாமதித்துப் பிரிப்பது, தீவனத்தில் புரதத்தைக் குறைப்பது, அமிலம் சேர்ப்பது என்று முறைகளை மாற்றிச் சமாளித்தார்கள். அதிக அளவு துத்தநாக ஆக்ஸைடு போட்டுத் தப்பிக்கும் வழியையும் ஐரோப்பா 2022இல் மூடிவிட்டது.

நம் ஊரில் ஓட்டல் கழிவு போட்டு வளர்ப்பவர்கள் அதைக் கொதிக்க வைத்தே கொடுக்க வேண்டும். பால் குடிக்கும்போதே சிறிது சிறிதாகத் திடத்தீவனம் காட்டிப் பழக்குங்கள். பிரித்த பிறகு ஒரு வாரம் தீவனத்தை மாற்றாதீர்கள்.

பணத்தை எந்த வரிசையில் செலவழிப்பது?

முதலில் தண்ணீர், அடுத்து உமியும் காற்றும், பிறகு தடுப்பூசி, அதன் பின் கெடாத தீவனம். பொட்டலங்கள் கடைசி. இந்த நான்கும் சரியாக இல்லாத பண்ணையில் புரோபயாடிக்கோ மூலிகையோ போட்டுவிட்டு "ஒன்றும் ஆகவில்லை" என்று சொல்வதில் பொருளில்லை. எந்த ஒரு மாற்றும் தனியாக ஆன்டிபயாடிக் அளவுக்கு எல்லா ஷெட்டிலும் ஒரேபோல் பலன் தருவதில்லை. அமிலத்தோடு புரோபயாடிக், நொதியோடு மூலிகை என்று சேர்த்துப் போடும் இடங்களில்தான் வித்தியாசம் தெரிகிறது. ஒரே பேட்ச்சில் ஷெட்டை இரண்டாகத் தடுத்து, ஒரு பக்கம் மட்டும் புதிய பொருளைப் போட்டு, தின்ற தீவனத்தையும் விற்ற எடையையும் எழுதி வையுங்கள். தீவனம்தான் செலவில் மூன்றில் இரண்டு பங்கு என்பதால், பொட்டலத்தின் விலை வசூலானதா என்று அந்த நோட்டே சொல்லிவிடும்.

வாங்கும்போது லேபிளில் மூன்றைப் பாருங்கள்: எந்தக் கிருமி அல்லது எந்தப் பொருள், ஒரு கிராமில் எவ்வளவு, எந்தத் தேதி வரை. "குரோத் டானிக்" என்று மட்டும் எழுதி, உள்ளே என்ன என்று சொல்லாத பாக்கெட்டைக் கையில் எடுக்காதீர்கள். மாற்று என்ற பெயரில் பழைய மருந்தே வந்து சேரும் வழி அது.

நோய் வந்த கோழிக்குக் கால்நடை மருத்துவர் சொல்லி ஆன்டிபயாடிக் கொடுப்பதில் தவறில்லை. கொடுத்தபின் காத்திருக்க வேண்டிய நாட்கள் லேபிளில் இருக்கும். இல்லையென்றால், 2012இல் சேர்த்த விதிப்படி முட்டைக்குக் குறைந்தது 7 நாள், கறிக்கு 28 நாள் கழித்தே விற்க வேண்டும். 40 நாளில் விற்கும் பிராய்லருக்கு 28 நாள் காத்திருப்பது நடக்கிற காரியமா என்று கேட்பீர்கள். நடக்காது. அதனால்தான் மருந்து தேவைப்படாத ஷெட்டுக்கு முதலில் செலவழிக்கச் சொல்வது.